இரைச்சல் எங்கிருந்து வருகின்றது?

வீட்டிலே நல்ல சங்கீதம் கேட்கும் பழக்கமுடையோருக்குப் பொதுவான துன்பம் ஒன்று உண்டு. பாடகர் மூச்செடுக்கும் வேளையில், தம்பூராவின் நாதம் மட்டும் மெல்ல ஒலிக்கவேண்டிய இடத்தில், அதனோடு சேராத வேறொரு சுருதி அடியில் நின்று 'ஊம்' என்று உறுமிக்கொண்டிருக்கும். சில வீடுகளில் அது வண்டு முரல்வது போலிருக்கும். வேறு சில வீடுகளில் எண்ணெய்ச் சட்டியிற் கடுகு வெடிப்பது போலிருக்கும். இதைக் கேட்டவுடன் நம்மவர் செய்வது யாது? ஒன்றில், பெட்டியின் தலையில் ஓங்கி ஓர் அடி அடிப்பார்கள். அன்றேல், "இது பழசாய்ப் போயிற்று" என்று கூறிப் புதியதொன்று வாங்கப் புறப்படுவார்கள். பணத்தைக் கொட்டிப் புதியதை வாங்கிவந்து வைத்த பின்னும் அதே உறுமல் அதே இடத்திலிருந்து கேட்கும்போதுதான், குற்றம் பெட்டியினுடையதன்று என்பது புலனாகும்.

இரைச்சலுக்கு ஓர் ஊற்று உண்டு; அது நடந்துவர ஒரு வழி உண்டு; அதை ஏற்றுக்கொள்ளும் ஓர் இடமும் உண்டு. இம்மூன்றில் எதையேனும் ஒன்றை நீக்கினாற் போதும், இரைச்சல் நின்றுவிடும். இதைத் தேடிப் பிடிப்பது பொறியியலாளருக்கு மட்டுமே உரிய வித்தை என்று எண்ணவேண்டியதில்லை. வேண்டுவன பொறுமையும், ஒரு தடவையில் ஒரு மாற்றத்துக்கு மேற் செய்யாத கட்டுப்பாடுமே. நான்கு கம்பிகளையும் ஒருங்கே பிடுங்கி மாற்றிப் பூட்டினால் இரைச்சல் நின்றுவிடவுங் கூடும். ஆனால் எதனால் நின்றது என்பது தெரியாது. நாளை அது திரும்பி வரும்போது தொடங்கிய இடத்திலேயே நிற்போம்.

காது சொல்லும் சாட்சி

முதலிற் செய்யவேண்டியது கேட்பதுதான். இலங்கையில் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற் அழுத்தமுடையது; செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக ஆடிவருவது. அந்த ஆட்டம் ஒலி செல்லும் பாதையில் நேரே புகுந்துவிட்டால், 50 ஹேர்ட்ஸ் கொண்ட ஆழ்ந்த உறுமல் பிறக்கும். அமெரிக்காவில் மின்சாரம் செக்கனுக்கு 60 தடவை ஆடுவதால், அங்குள்ள வீடுகளின் உறுமல் எமதிலும் சற்றே உயர்ந்த சுருதியுடையது. எவ்வளவு உயர்ந்தது எனின், ஷட்ஜத்துக்குச் சாதாரண காந்தாரம் எவ்வளவோ அவ்வளவு. ஆறுக்கு ஐந்து என்ற விகிதத்தைச் சங்கீத மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

எனினும், நமது காதில் விழுவது பெரும்பாலும் இதன் மேல்ஸ்தாயியாகிய 100 ஹேர்ட்ஸ் ஒலியே. சிறிய ஸ்பீக்கர்களால் 50 ஹேர்ட்ஸை நன்கு எழுப்ப முடியாது என்பது ஒரு காரணம். மற்றது, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நடைபெறும் ஒரு வேலை. ஆடிவரும் மின்சாரத்தை ஒரே திசையிற் செல்லும் மின்சாரமாகத் திருத்தும்போது, ஒவ்வோர் ஆட்டத்தின் இரு பாதிகளும் ஒரே பக்கமாக மடிக்கப்படுகின்றன. ஆகவே 50 ஆட்டம் 100 அலையாகின்றது. அந்த அலையைச் சமப்படுத்துவதற்குப் பெரிய கொள்ளளவிகளை வைத்திருப்பார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல அவற்றின் உள்ளீரம் வற்றிப்போகும். அலை சமப்படாமல் ஸ்பீக்கர் வரை வந்துவிடும். பழைய பெட்டியில் உறுமல் வருடாவருடம் மெல்ல மெல்ல மிகுந்துகொண்டு வருமாயின் இதுவே காரணமாயிருத்தல் கூடும். இதை மாற்றுவது பழுதுபார்ப்பவரின் வேலை; வீட்டிலே திறந்து பார்க்கலாகாது. பிளக்கைக் கழற்றிய பின்னரும் கொள்ளளவிகள் மின்னைத் தேக்கி வைத்திருக்கும். பழைய வால்வு ரேடியோக்களிலோ அது பல நூறு வோல்ற்றாக இருக்கும்.

வண்டு முரல்வதுபோன்ற கூரிய 'ஜ்ர்ர்' ஓசைக்கு வேறு கள்வனைத் தேடவேண்டும். விசிறியின் வேகத்தைக் குறைக்கும் மின்னணு ரெகுலேற்றரும், விளக்கின் ஒளியை மங்கச் செய்யும் டிமரும் மின்சாரத்தின் ஒவ்வோர் அரை அலையையும் இடையில் வெட்டி வெட்டி விடுகின்றன. செக்கனுக்கு 100 வெட்டு. ஒவ்வொரு வெட்டும் கத்திமுனை போன்றது. அதன் அதிர்ச்சி கம்பி வழியே வீடெங்கும் பரவும். விசிறியை முழு வேகத்தில் விட்டதும் ஓசை அடங்கி, நடு வேகத்தில் மிகுமாயின் கள்வன் அகப்பட்டான். மிக்சி, துளைகருவி, தையல் மெஷினின் மோட்டார் ஆகியன ஓடும்போது உள்ளே தீப்பொறி பறப்பதால் 'கரகர' என்ற ஓசை கேட்கும். குளிர்சாதனப் பெட்டி தானாகவே இயங்கத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் 'டக்' என்று ஒரேயொரு வெடிப்பு. கையடக்கத் தொலைபேசியை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்திருந்தவர்கள், அழைப்பு மணி அடிக்க முன்னரே 'டிக்கிடி டிக்கிடி' என்று ஸ்பீக்கர் முன்னறிவித்தலைக் கேட்டிருப்பார்கள். 2ஜி முறையிற் பேசும் தொலைபேசி தனது அலையை இடைவிடாது அனுப்பாமல் செக்கனுக்கு ஏறக்குறைய 217 துண்டுகளாக அனுப்புவதே அதற்குக் காரணம்.

ஒலியை முற்றாகக் குறையுங்கள்

ஊற்றை ஊகித்த பின்னர், இரைச்சல் எந்த இடத்திற் புகுகின்றது என்று காணவேண்டும். இதற்கு ஒரு சதமேனும் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. பாட்டை நிறுத்தி, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழை முற்றாகக் குறைத்துவிடுங்கள். இரைச்சல் அப்படியே நிற்குமாயின், அது குமிழுக்குப் பின்னால், அதாவது அம்பிளிபயரிலோ அதற்கு மின்சாரம் வழங்கும் பகுதியிலோ பிறக்கின்றது. குமிழோடு சேர்ந்து அதுவும் குறையுமாயின், முன்னால் உள்ள கருவிகளிலிருந்தோ கம்பிகளிலிருந்தோ வருகின்றது. அப்படியானால் ஒவ்வொரு கம்பியாகக் கழற்றிப் பார்க்கலாம். எதைக் கழற்றியதும் அமைதி பிறக்கின்றதோ, அந்தக் கம்பியின் வழியே மேலும் தேடிச் செல்லலாம். ஒவ்வொரு கம்பியையும் கழற்றுமுன் ஒலியைக் குறைத்துக் கொள்வது ஸ்பீக்கருக்கு நல்லது.

எல்லாக் கருவிகளும் ஒரே அளவில் இரைச்சலுக்கு இலக்காவதில்லை. தொலைபேசியிலிருந்தோ கணினியிலிருந்தோ வரும் ஒலி ஏறக்குறைய ஒரு வோல்ற் வலிமையுடையது. இசைத்தட்டின் ஊசி எழுப்புவது சில மில்லிவோல்ற் மாத்திரமே. கசெற் நாடாவைத் தடவும் தலை தருவது ஒரு மில்லிவோல்ற்றிலும் குறைவு. இவ்வளவு மெல்லிய ஒலியைப் பல ஆயிரம் மடங்கு பெருக்கும்போது, அதனோடு ஒட்டிக்கொண்ட தூசும் பல ஆயிரம் மடங்கு பெருகும். இசைத்தட்டுக் கருவியிலிருந்து அம்பிளிபயருக்குத் தனியே ஒரு மெல்லிய புவிக்கம்பி போவதைக் கண்டிருப்பீர்கள். வீடு துடைக்கும்போது அது கழன்றுவிட்டால் அன்று மாலையே உறுமல் தொடங்கிவிடும்.

ஒரு தாயின் குரல்

வெள்ளவத்தையில் வசிக்கும் எமது நண்பர் ஒருவரிடம் ஒரு கசெற் இருக்கின்றது. 1980களில், அவர் வெளிநாட்டில் இருந்த காலத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய தாயார் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பியது. அந்த அம்மையார் இன்று இல்லை. அவருடைய குரல் வேறெங்கும் பதியப்பட்டதுமில்லை. நாடாவின் பூச்சு உதிரத் தொடங்கியிருந்தமையால், அது இன்னும் எத்தனை தடவை ஓடும் என்று சொல்லமுடியாத நிலை. எனவே அதைக் கணினியிற் பதிந்து வைக்க நண்பர் முயன்றார். குரலும் பதிந்தது, உறுமலும் பதிந்தது.

அம்மையார் பேசும்போது உறுமல் அவ்வளவாகத் தெரியவில்லை. அவர் அடுத்து என்ன சொல்வது என்று யோசித்து நிறுத்தும் இடங்களில், பின்னால் கோழி கேருவதும் கிணற்றுக் கப்பி கிறீச்சிடுவதும் கேட்கவேண்டிய இடங்களில், உறுமல் வந்து யாவற்றையும் மூடிக்கொண்டது. கணினியில் உறுமலை வடித்தெடுக்கும் வழிகள் இருக்கின்றன. நாம் அவற்றைக் குறைகூறவில்லை. ஆனால் உறுமல் தனித்து வருவதில்லை. 100, 150, 200 என்று தன் பரிவாரத்தோடு வரும். பெண்குரலின் அடிச்சுருதியும் ஏறக்குறைய 200 ஹேர்ட்ஸ் அளவிலேயே நிற்பதால், களையைப் பிடுங்கப் பயிரும் சேர்ந்து வரும். பதியுமுன்னரே இரைச்சலை நீக்குவதே தக்கது என்று முடிவாயிற்று.

தாயாரின் நாடாவை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, சோதனைக்கு வேறொரு வெற்றுக் கசெற்றை எடுத்துக்கொண்டோம். முதலிற் கசெற் எதுவும் இல்லாமலே கருவியை இயக்கிப் பார்த்தோம். உறுமல் கேட்டது, ஆகவே அது நாடாவில் உள்ளதன்று. அடுத்து மடிக்கணினியின் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிக் கணினியைப் பற்றரியில் ஓடவிட்டோம். உறுமலிற் பெரும்பங்கு அக்கணமே மறைந்தது. ஏன் மறைந்தது என்பதைப் பின்னர் கூறுவோம்.

எஞ்சிய உறுமல் நெடுநேரம் எம்மை அலைக்கழித்தது. எந்தக் கம்பியைக் கழற்றினாலும், எந்த விளக்கை அணைத்தாலும் அது அசையவில்லை. ஈற்றிலே நண்பரின் மகள்தான், கசெற் கருவியை இரு கைகளாலும் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். தூக்கத் தூக்க உறுமல் குறைந்தது. தாழ்த்தத் தாழ்த்த மிகுந்தது. இடத்தைச் சிக்கனப்படுத்துவதற்காகக் கருவியை அம்பிளிபயரின் முதுகில் வைத்திருந்தார்கள். அம்பிளிபயருக்குள் இருக்கும் நிலைமாற்றியைச் சுற்றி எப்போதும் ஒரு காந்தப் புலம் ஆடிக்கொண்டிருக்கும். கசெற் கருவியின் தலையோ காந்தத்தை உணர்வதற்கென்றே செய்யப்பட்டது. நாடாவிலுள்ள காந்தத்துக்கும் நிலைமாற்றியின் காந்தத்துக்கும் அது வேற்றுமை அறியாது. இத்தகைய புலம் தூரத்தின் கனத்துக்கு ஏற்பக் குறையும். தூரத்தை இரு மடங்காக்கினால் வலிமை எட்டில் ஒரு பங்காகும். மேசையின் மறுகோடிக்கு, மூன்று அடி தள்ளி வைத்ததும் உறுமல் ஒழிந்தது. செலவு ஏதுமில்லை.

மறுநாட் காலையில் விசிறியை நிறுத்தி, குளிர்சாதனப் பெட்டிக்கு முக்கால் மணி நேர ஓய்வு கொடுத்து, கையடக்கத் தொலைபேசிகளையெல்லாம் அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு, நாடாவை ஒரே தடவை ஓடவிட்டார்கள். கப்பியின் ஓசை கேட்டது. அதற்கும் அடியில் மிக மெல்லிய உறுமல் ஒன்றும் கேட்டது. நாடா நின்றால் நிற்கும், ஓடினால் ஓடும். அது வெள்ளவத்தையின் மின்சாரமன்று. அம்மையார் பேசிய நாளில் ஊர் வீட்டில் இருந்த மின்சாரம், பதிவுக் கருவியின் வழியே நாடாவிற் படிந்தது. "அது இருக்கட்டும்" என்றார் நண்பர்.

இப்படிப் பதிவோடு படிந்துவிடும் உறுமலுக்கும் ஒரு பயன் கண்டிருக்கின்றார்கள். மின்சாரத்தின் ஆட்டம் சரியாக 50 ஆக நிற்பதில்லை. தேவை கூடும்போது சற்றே குறையும், தேவை குறையும்போது சற்றே கூடும். இந்த ஏற்றத்தாழ்வு ஒரு நாள் இருந்ததுபோல் மறுநாள் இருப்பதில்லை. லண்டன் மாநகரப் பொலிசாரின் ஆய்வுகூடம் 2005 ஆம் ஆண்டளவிலிருந்து இதை இடைவிடாது பதிந்து வந்தது. வழக்குக்கு வரும் ஒலிப்பதிவொன்றின் அடியிலுள்ள உறுமலை அதனோடு ஒப்பிட்டு, அது பதியப்பட்ட நாளையும் நேரத்தையும் சொல்லலாம். இடையில் வெட்டி ஒட்டியிருந்தால் அதையும் காட்டிவிடலாம்.

புவிக்கம்பியில் கைவைக்காதீர்கள்

சார்ஜரைக் கழற்றியதும் உறுமல் ஏன் மறைந்தது? ஏர்த் கம்பி எனப்படும் புவிக்கம்பி அம்பிளிபயருக்கும் இருந்தது. மடிக்கணினியின் சார்ஜருக்கும் இருந்தது. இரண்டும் இரு வேறு சுவர்களில் உள்ள மின்குதைகளிற் பூட்டப்பட்டிருந்தன. இரண்டையும் ஒலிக்கம்பி இணைத்ததும், புவிக்கம்பி, ஒலிக்கம்பியின் மேலுறை, மறு புவிக்கம்பி என்று ஒரு வளையம் உண்டாகிவிட்டது. இரு குதைகளின் புவியும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. அச்சிறு வேற்றுமையால் அந்த வளையத்தில் மின்சாரம் ஓடும். ஒலிக்கம்பியின் மேலுறையில் ஓடும் அது ஒலியோடு கலந்து உறுமும். தொலைக்காட்சிப் பெட்டியை அம்பிளிபயரோடு இணைத்திருக்கும் வீடுகளில், கூரையிலிருந்து வரும் அன்ரெனாக் கம்பியும் இதே வளையத்தை உண்டாக்கும். அன்ரெனாக் கம்பியைப் பெட்டியிலிருந்து கழற்றியதும் உறுமல் நின்றால் ஐயமில்லை.

இங்கேதான் பலர் ஆபத்தான குறுக்குவழி ஒன்றைக் கைக்கொள்கின்றார்கள். பிளக்கைத் திறந்து புவிக்கம்பியைக் கழற்றிவிடுவது. அல்லது மூன்று முள் பிளக்கை இரண்டு முள் துளையிற் செருகுவது. உறுமல் நின்றுவிடும். கைதேர்ந்தவர் என்று பெயர் பெற்றவர்களே இதைச் செய்துவிட்டுப் போவதை நாம் கண்டிருக்கின்றோம். புவிக்கம்பி அங்கே இருப்பது ஒலிக்காகவன்று, உயிருக்காக. பெட்டிக்குள் ஒரு கம்பி கழன்று உலோக உடலைத் தொட்டுவிட்டால், மின்சாரம் புவிக்கம்பி வழியே பாயும், ட்ரிப் சுவிட்ச் விழும், வீட்டார் தப்புவர். புவிக்கம்பி இல்லையெனில் ட்ரிப் சுவிட்ச் விழுவதற்குக் காரணமில்லை. பெட்டி வழக்கம்போற் பாடிக்கொண்டே இருக்கும். அடுத்ததாக அதைத் தொடுபவரின் உடலே மின்சாரத்துக்கு வழியாகும். வீடுகளிற் பொருத்தப்படும் ட்ரிப் சுவிட்ச் பொதுவாக 30 மில்லி அம்பியர் கசிவிலேயே விழுவதற்கு அமைந்தது. அது நன்கு இயங்கினால் அப்போதேனும் விழும்; பழுதுபட்டிருந்தாலோ, பழைய வீடாகி அது இல்லாதிருந்தாலோ காப்பதற்கு வேறெதுவுமில்லை. இரண்டு சதுரம் ஒன்றனுள் ஒன்றாகப் பொறிக்கப்பட்ட கருவிகள் புவிக்கம்பியே வேண்டாதபடி இரட்டைக் காப்பிட்டுச் செய்யப்பட்டவை. அவற்றை இதனோடு சேர்த்து எண்ணக்கூடாது.

வளையத்தை முறிக்க நேர்மையான வழிகள் உள்ளன. இணைக்கப்பட்ட கருவிகள் அனைத்தையும் ஒரே சுவர்க் குதையிலிருந்து மின்சாரம் பெறச் செய்தால் பெரும்பாலும் போதும். போதாவிடின், ஒலிக்கம்பியின் இடையிலோ அன்ரெனாக் கம்பியின் இடையிலோ சிறிய பிரிப்பு நிலைமாற்றி ஒன்றைப் பூட்டலாம். ஒலி காந்தத்தின் வழியே தாண்டிச் செல்லும், வளையம் அறுந்துவிடும். ஒலிக்கம்பியையும் மின்கம்பியையும் பாய்போற் சேர்த்துச் சுருட்டி வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். அவை சந்தித்தே ஆகவேண்டுமாயின் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கட்டும்.

பற்றரி ரேடியோ என்னும் ஒற்றன்

கம்பி வழியே வராமல் வானலையாகப் பரவும் இரைச்சலைத் தேடுவதற்கு மிகச் சிறந்த கருவி, மத்திய அலை கொண்ட பழைய பற்றரி ரேடியோ. எப்.எம். இதற்கு உதவாது. இரைச்சல் வானொலி அலையின் உயரத்தைக் கூட்டிக் குறைப்பது, எப்.எம். ஒலிபரப்பு உயரத்தைப் பொருட்படுத்தாமல் அலைவின் வேகத்தில் ஒலியை ஏற்றி அனுப்புவது. அமெரிக்கரான எட்வின் ஆம்ஸ்ட்ரோங் 1933 ஆம் ஆண்டில் அதற்கு உரிமம் பெற்றது, வானொலியின் இரைச்சலை ஒழிப்பதற்காகவே. எமக்கு இப்போது வேண்டியது இரைச்சலை ஒழிப்பதன்று, கேட்பது. ஆகவே எளிதில் ஏமாறும் மத்திய அலையே நன்று.

எந்த நிலையமும் கேட்காத இடத்தில் முள்ளை நிறுத்தி, ரேடியோவைக் கையிலேந்தி வீட்டைச் சுற்றி நடக்கவேண்டும். எல்.ஈ.டி. விளக்குகள், சார்ஜர்கள், 2022 ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக் காலத்திற் பலர் வாங்கிய இன்வேர்ட்டர்கள் ஆகியவற்றுள்ளே மின்சாரம் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை மூடித் திறக்கப்படுகின்றது. நன்றாகச் செய்யப்பட்டவற்றில் அது வெளியேறாதபடி வடிகட்டி இருக்கும். விலை மலிந்த சிலவற்றில் இராது. ஒரே அறையில் இரண்டு விளக்குகளை மாறி மாறி ஏற்றிப் பாருங்கள். ஒன்று சாதுவாயிருக்க, மற்றது ரேடியோவில் அலறுவதைக் கேட்கலாம். மத்திய அலை ரேடியோவினுள்ளே சுருள் சுற்றிய பெரைட் கோல் ஒன்று இருக்கின்றது. அதன் நுனி இரைச்சலின் ஊற்றை நோக்கும்போது ஒலி மிகக் குறையும். ரேடியோவை மெல்லத் திருப்பி, ஒலி குறையும் திசையைக் குறித்து, வேறோர் இடத்தில் நின்றும் அவ்வாறே செய்தால், இரு கோடுகளும் சந்திக்குமிடத்தில் ஊற்று இருக்கும். சுவருக்குள் ஓடும் கம்பிகளும் அலையைப் பரப்புவதால் வீட்டுக்குள்ளே இது சில வேளை ஏமாற்றும்; முற்றத்தில் நன்றாகப் பலிக்கும்.

பின்னர், வீட்டின் பிரதான ஆளியை மூடவேண்டும். கணினி முதலியவற்றை முறைப்படி நிறுத்திவிட்டுத்தான். ரேடியோ அமைதியானால் கள்வன் வீட்டினுள் இருக்கின்றான். ஒவ்வோர் ஆளியாகத் திறந்து அவனைப் பிடிக்கலாம். அமைதியாகாவிடின் வெளியே தேடவேண்டும். அப்போது நேரத்தைக் குறித்துவைப்பது பெரிதும் உதவும். வேல்ஸ் நாட்டில் அபர்ஹோசன் என்னும் சிற்றூரில் 18 மாதங்களாக நாள்தோறும் காலை 7 மணிக்கு ஊர் முழுவதற்கும் இணைய இணைப்புக் குழம்பிற்று. தொலைபேசிக் கம்பிகளிற் பெரும்பகுதியை மாற்றியும் பயனில்லை. 2020 ஆம் ஆண்டில், பொறியியலாளர்கள் அலைகளை அளக்கும் கருவியோடு விடியற்காலையில் ஊரைச் சுற்றி நடந்து, ஒரு வீட்டின் பழைய தொலைக்காட்சிப் பெட்டியைக் கண்டுபிடித்தார்கள். அவ்வீட்டார் அதை ஏற்றும் நேரம் காலை 7 மணி. தமது பெட்டி ஊரையே குழப்பியதை அவர்கள் அதுவரை அறிந்திருக்கவில்லை. உடனே நிறுத்திவிட்டார்கள். அயல்வீட்டுக் கதவைத் தட்டநேர்ந்தால் இதை மனத்திற் கொள்ளலாம்.

வீதியிலிருந்து வரும் இரைச்சலுக்கு இன்னுமோர் அடையாளம் உண்டு. மின்கம்பத்திலே தளர்ந்த இணைப்பில் தீப்பொறி பறந்தால், பெரும்பாலும் வறண்ட காலத்தில் அலறி, மழை பெய்ததும் அடங்கி, வெயில் எறித்ததும் திரும்பி வரும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றால் மின்காப்பிகளின்மேற் படியும் உப்பும் கசிவை உண்டாக்கும். கம்பத்தைத் தட்டுவதோ ஆட்டுவதோ கூடாது. அதிற் பொறித்த இலக்கத்தையும், இரைச்சல் கேட்ட நாட்களையும் நேரங்களையும் எழுதி, மின்சாரம் வழங்கும் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். ரேடியோவை அந்தக் கம்பத்தடியிலும் அடுத்த கம்பத்தடியிலும் வைத்துக் கேட்டதையும் கடிதத்திற் சேர்த்துக் கொடுத்தால், அவர்கள் எந்தக் கம்பத்தில் ஏணி சாத்துவது என்று தேடி அலையவேண்டியிராது.